மில் தொழிலாளர் வீடும் வேலையும்: இங்கிலாந்துச் சீர்திருத்தக் கணக்குகளை மதுரையில் பொருத்திப் பார்ப்பது எப்படி?

பசுமலை டீச்சர் கேட்கிறார்:

வணக்கம். பதினோராம் வகுப்பு வரலாற்று மாணவர்களை வைத்து ஒரு கள ஆய்வு செய்ய இருக்கிறோம். பாடத்தில் தொழிற்புரட்சி வருகிறது. மான்செஸ்டர், லிவர்பூல், குழந்தைத் தொழிலாளர், காலரா, சாட்விக் அறிக்கை, பத்து மணி நேரச் சட்டம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பள்ளிக்குப் பக்கத்திலேயே ஹார்விபட்டி, அந்தப் பக்கம் போனால் பொன்னகரம், ஆரப்பாளையம். மில்லை நம்பி வளர்ந்த குடியிருப்புகள் இத்தனை இருந்தும் அங்கே போய் எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அங்கே டாக்டர், வக்கீல், பாதிரியார், ஆலை முதலாளி எனப் படித்த நடுத்தர வர்க்கத்தார்தான் முதலில் குரல் கொடுத்தார்கள் என்று பாடம் சொல்கிறது. அவர்கள் எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று நடைமுறையாகச் சொல்ல முடியுமா? மான்செஸ்டர் தொழிலாளியின் சராசரி ஆயுள் 17 என்கிற எண்ணைக் கரும்பலகையில் எழுதினாலே வகுப்பு அதிர்ச்சியாகிவிடுகிறது. அதேபோல மதுரைக்கும் ஒரு எண் எடுக்க முடியுமா? ஒரு லைன் வீட்டை (வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடு) பிள்ளைகள் டேப் வைத்து அளந்தால், அந்த அளவை எதோடு ஒப்பிடுவது? மதுரையில் இந்த வேலையைச் செய்தவர்கள் யார்?

கணக்குப்பிள்ளை:

டீச்சர், முதலில் அந்த 17ஐச் சரி செய்துவிடுவோம். அது சராசரி ஆயுள் இல்லை. 1842இல் எட்வின் சாட்விக் வெளியிட்ட அறிக்கையில் இருப்பது, இறந்தவர்கள் எந்த வயதில் இறந்தார்கள் என்பதன் சராசரி. மான்செஸ்டரில் கனவான்கள், படித்த தொழில் செய்பவர்கள், அவர்கள் குடும்பம் 38, வணிகர் குடும்பம் 20, தொழிலாளர் குடும்பம் 17. ரட்லண்ட் என்கிற விவசாய மாவட்டத்தில் அதே வரிசையில் 52, 41, 38. லிவர்பூல் தொழிலாளர் குடும்பத்துக்கு 15.

இதில் இரண்டு வழுக்கல்கள் உண்டு. பிறந்து ஓராண்டுக்குள் இறக்கும் குழந்தைகள் நிறைய இருந்தால் சராசரி சட்டென்று கீழே இறங்கிவிடும். அதை வைத்து 17 வயதில் எல்லாரும் செத்துப் போனார்கள் என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். இரண்டாவது, வேலை தேடி இளைஞர்கள் வந்து குவிகிற ஊரில் கிழவர்களே குறைவு. வயதானவர் இல்லாத ஊரில் இறப்பவர்களின் சராசரி வயது குறைவாகத்தான் இருக்கும், ஊர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். இந்தக் கணக்கு முறையின் ஓட்டையை அந்தக் காலத்திலேயே புள்ளியியலாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். ஆனாலும் ஒரு விஷயம் நிற்கிறது: மான்செஸ்டரின் வசதியான குடும்பமும் ரட்லண்டின் கூலிக் குடும்பமும் ஒரே 38இல் நிற்கின்றன. சாட்விக் வக்கீல். எந்த எண் நாடாளுமன்றத்தில் உறைக்கும் என்று அவருக்குத் தெரியும். குடும்பத் தலைவன் சாக்கடைக் காய்ச்சலில் போனால் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் ஏழை நிவாரண வரியிலிருந்து கொடுக்க வேண்டும், அதைவிடக் குழாய் போடுவது மலிவு என்பதுதான் அவர் வாதத்தின் முதுகெலும்பு.

மதுரைக்கு அதே போல எண் எடுக்காதீர்கள். காரணம் சொல்கிறேன். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்திலிருந்து மில்லுக்கு வந்தவர் வீட்டில் பெண்டாட்டி பிரசவத்துக்குத் தாய்வீடு போவாள். பிறப்பு அந்தக் கிராமத்துப் பதிவேட்டில் ஏறும். கைக்குழந்தையோடு மதுரை திரும்பிய பிறகு அது இறந்தால் இறப்பு நகராட்சிப் பதிவேட்டில் ஏறும். ஆயிரம் பிறப்புக்கு எத்தனை சிசு மரணம் என்று வகுத்தால் மதுரை இருப்பதைவிட மோசமாகத் தெரியும். நோய் முற்றிய பெரியவர் சொந்த ஊருக்குப் போய்க் கண்ணை மூடினால் அந்தப் பக்கம் மதுரை நன்றாகத் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்ப இடமில்லை.

பிள்ளைகள் வீடு வீடாகப் போய் எடுக்கக்கூடிய எண் வேறு. 1899இல் யார்க் நகரில் சீபோம் ரவுண்ட்ரீ அதைத்தான் செய்தார். 11,560 குடும்பங்கள். எத்தனை அறை, என்ன வாடகை, எத்தனை பேர், என்ன வேலை, இந்தத் தண்ணீர்க் குழாயை எத்தனை வீடு பங்கிடுகிறது, இந்தக் கக்கூஸை எத்தனை வீடு பங்கிடுகிறது. ஊர் மக்களில் 27.84 சதவீதம் பேர் வறுமையில் என்று வந்தது. அவரே சாக்லேட் ஆலை முதலாளி குடும்பம். ஏழைகள் குடித்துக் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த நடுத்தர வர்க்கத்தின் வாயை அந்தக் கணக்கு ஓரளவு அடைத்தது. உடம்பு தேறி நிற்கத் தேவையான அளவுக்குக்கூட மொத்த வருமானம் எட்டாத குடும்பங்களை அவர் தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டார். ஒரு பைசா வீணாக்காவிட்டாலும் அவர்களுக்குப் போதாது.

குழாய் வேலை:

சாக்கடைப் பக்கம் நான் சொல்றேன் டீச்சர். இதைப் பிள்ளைங்க கையால தொட்டுப் பார்க்கலாம்.

சாட்விக்குக்கு முன்னால லண்டன்ல சாக்கடைன்னா பெரிய செங்கல் சுரங்கம். ஆள் உள்ள நுழைஞ்சு வாரணும்னே பெருசாக் கட்டினது. அடி தட்டையா இருக்கும். தண்ணி கொஞ்சமா வர்ற நேரத்துல அது அகலமாப் பரவி, ஆழம் இல்லாம மெதுவாப் போகும், கழிவு அங்கேயே படியும். ஹோல்பர்ன், பின்ஸ்பரி பகுதியில ஜான் ரோ-ங்கிற சர்வேயர் முட்டை வடிவத்துல கட்டினார், கூம்பு முனை கீழே. தண்ணி குறைஞ்சாலும் அந்த ஒடுக்கத்துல ஆழம் நிக்கும், வேகம் குறையாது. சாட்விக் அதையும் தாண்டி, வீட்டுக்கு வீடு மெருகு போட்ட சுட்ட மண் குழாய், சின்ன விட்டம், தொடர்ந்து ஓடுற தண்ணின்னு ஒரு முழு ஏற்பாடா வச்சார்.

கணக்கு எளிசு. வினாடிக்கு 2லிருந்து 2½ அடி வேகம் இருந்தா குழாய் தன்னைத்தானே கழுவிக்கும். அதுக்கு வாட்டம், அதாவது சரிவு, எவ்வளவுன்னு கொத்தனார் வழக்கமா ஞாபகம் வைக்கிறது: 4 அங்குலக் குழாய்க்கு 40க்கு 1 (40 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம்), 6 அங்குலத்துக்கு 60க்கு 1, 9 அங்குலத்துக்கு 90க்கு 1.

இதை லைன் வீட்டுல வச்சுப் பாருங்க. 12 அடி முகப்புள்ள பத்து வீடு வரிசையா இருக்குன்னு வைங்க. பின்சந்து 120 அடி. 6 அங்குலக் குழாய்க்கு 2 அடி இறக்கம் வேணும். முதல் வீட்டுல ஒன்றரை அடி ஆழத்துல தொடங்கினா கடைசி வீட்டுல மூணரை அடி. தெருச் சாக்கடையோட அடிமட்டம் மூணு அடியிலயே இருந்தா இணைக்கவே முடியாது. அப்ப என்ன செய்வாங்க? வாட்டத்தைக் குறைச்சு 80க்கு 1, 120க்கு 1னு போட்டுச் சேர்த்துடுவாங்க. போட்ட அன்னைக்கு ஓடும். ரெண்டு மழைக்காலம் தாண்டினா மூணாவது, நாலாவது சேம்பர்ல மண்ணும் கொழுப்பும் தேங்கி எதிர்க்கும். அடைப்பு எப்பவும் ஒரே வீட்டு வாசல்ல வருதுன்னா அந்த வீட்டுக்காரங்க குப்பை போடுறாங்கன்னு சண்டை நடக்கும். நிசத்துல அங்க வாட்டம் செத்திருக்கும். பிள்ளைங்க கையில டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணி நிறைச்ச ட்யூப்) ஒண்ணு கொடுத்து, சந்தோட ரெண்டு முனையிலயும் வாய்க்கால் அடிமட்டத்தை எடுக்கச் சொல்லுங்க. திறந்த வாய்க்கால்னா அடி தட்டையா அரைவட்டமான்னும் குறிக்கணும். தட்டை அடிக்குச் சாட்விக் காலத்துக் குறையே இங்கேயும்.

இப்ப அவங்க எங்க சறுக்கினாங்கன்னு பார்க்கணும். கெட்ட நாத்தம்தான் நோய்னு சாட்விக் உறுதியா நம்பினார். அதனால லண்டன் வீட்டுக் குழிகள்ல இருந்த கழிவையெல்லாம் கழுவித் தேம்ஸ் ஆத்துல தள்ளினாங்க. குடிதண்ணியும் அதே ஆத்துல இருந்துதான். 1848–49 காலராவுல லண்டன்ல மட்டும் 14,000 பேருக்கு மேல செத்தாங்க. 1854ல டாக்டர் ஜான் ஸ்னோ ரெண்டு தண்ணி கம்பெனியை ஒப்பிட்டார். லாம்பெத் கம்பெனி 1852லயே தன் உறிஞ்சுமிடத்தை ஊருக்கு மேல, ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் கொண்டு போயிருந்தது. இன்னொண்ணு ஊருக்குள்ளேயே எடுத்துக்கிட்டிருந்தது. அந்த இன்னொரு கம்பெனி தண்ணி குடிச்ச வீட்டுலதான் சாவு பல மடங்கு. 1858 கோடையில தேம்ஸ் நாறி நாடாளுமன்றமே மூக்கைப் பொத்தின பிறகுதான் இன்ஜினியர் பேசல்ஜெட்டுக்குப் பணம் வந்துச்சு. கழிவை ஊரைத் தாண்டி ஆத்து ஓட்டத்தோட கீழ்ப்பக்கம் கொண்டுபோற பெரிய சாக்கடை அப்பதான் எழும்புச்சு.

நம்மூர்ல இதுக்கு நேர்ப் பாடம் கிருதுமால். ஆறா இருந்தது ஊருக்குள்ள சாக்கடையா ஓடுது. பந்தல்குடி வாய்க்கால் வைகையில போய் விழற இடத்தைப் பிள்ளைங்களுக்குக் காட்டுங்க. "வீட்டு வாசலைச் சுத்தம் பண்ணின கழிவு எங்க போய்ச் சேருது"ங்கிற கேள்வியைச் சாட்விக் கேட்கத் தவறினார், நாமளும் கேட்கத் தவறினோம்.

இன்னொண்ணு விட்டுடக் கூடாது. சாட்விக் கேட்டது நாள் பூரா குழாயில நிக்கிற தண்ணி. நமக்கு வர்றது குறிச்ச நேரத்துல. தண்ணி நின்னதும் குழாய்க்குள்ள அழுத்தம் இறங்கும். சாக்கடைக்குள்ளயோ பக்கத்துலயோ போற குழாயில கீறல் இருந்தா வெளியில இருக்கிற அழுக்கை உள்ள இழுக்கும். அடுத்த முறை வர்ற முதல் தண்ணி கலங்கலா, வாடையோட வரும். அதனால தெருக்குழாய் சாக்கடையைத் தாண்டுற இடம் எது, அந்த இடத்துல எது மேல எது கீழேன்னு வரைபடத்துல குறிங்க. குடிதண்ணிக் குழாய் மேலதான் போகணும்.

பசுமலை டீச்சர்:

மிக்க நன்றி. 17ஐ இனி அப்படி எழுத மாட்டேன். அறையின் அளவுக்கு ஒரு தரநிலை வேண்டும். அதோடு, 1833 தொழிற்சாலைச் சட்டம் வந்த பிறகும் 1844, 1847, 1850 என்று ஏன் சட்டம் மேல் சட்டம் என்று ஒரு மாணவி கேட்டாள். "திருத்தினார்கள்" என்பதற்கு மேல் புத்தகத்தில் பதில் இல்லை.

மில் சங்கு:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு சட்டமும் அதற்கு முந்தைய சட்டத்தில் முதலாளி கண்டுபிடித்த ஓட்டையை அடைக்க வந்தது.

1819 சட்டம் பருத்தி ஆலையில் 9 வயதுக்குக் கீழ் கூடாது என்றது, பார்வையிட ஆள் வைக்கவில்லை. செத்த சட்டம். 1833இல் 9 முதல் 13 வரை வாரம் 48 மணி, 18 வரை நாளுக்கு 12 மணி, கூடவே அரசாங்கச் சம்பளத்தில் நாலே நாலு இன்ஸ்பெக்டர்கள். முழு நாட்டுக்கும் நாலு பேர்தான் என்றாலும், மேலிடத்துக்கு நேராக எழுதும் உரிமை அவர்களுக்கு இருந்தது. லியோனார்ட் ஹார்னர் போன்றவர்கள் அறிக்கைக்கு மேல் அறிக்கை எழுதினார்கள். எனக்குக் கேட்டால், மேடையில் பேசிய பிரபுக்களைவிட இந்த நாலு பேர்தான் சீர்திருத்தத்தைத் தரையில் இறக்கியவர்கள்.

அவர்கள் முட்டிக்கொண்டது முதலில் வயதில். 1837 வரை இங்கிலாந்தில் அரசாங்கப் பிறப்புப் பதிவே கிடையாது. டாக்டர் பார்த்து ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்று சான்று கொடுப்பார். உயரத்தை வைத்துச் சொன்னார்கள், பிறகு பல்லை எண்ணினார்கள். அடுத்தது கடிகாரம். ஆலைக்குள்ளிருக்கும் கடிகாரத்தைக் காலையில் முன்னுக்கும் மாலையில் பின்னுக்கும் தள்ளிவைத்தால் ஒரு நாளில் அரை மணி கிடைத்துவிடும். அதனால்தான் 1844 சட்டம் நேரத்தை ஊர்ப் பொதுக் கடிகாரத்தோடு பொருத்தச் சொன்னது. எந்திரங்களுக்கு வேலி போடச் சொன்னதும் அதே சட்டம். 1847இல் பெண்களுக்கும் சிறார்களுக்கும் பத்து மணி. உடனே முதலாளிகள் ஆட்களை மாற்றி மாற்றி உள்ளே விட்டு வெளியே எடுத்து, ஆலையைப் பதினைந்து மணி நேரம் ஓட்டினார்கள். ஒரு பெண் பத்து மணிதான் வேலை செய்தாள், ஆனால் காலையிலிருந்து இரவு வரை ஆலை வாசலை விட்டுப் போக முடியாது. யார் எந்நேரம் உள்ளே என்று இன்ஸ்பெக்டரால் நிரூபிக்கவே முடியாமல் போனது. 1850இல் காலை 6 முதல் மாலை 6, அல்லது 7 முதல் 7, அதில் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி என்று பொதுவான நாளையே வரையறுத்தார்கள். நிகர வேலை பத்தரை மணி. அரை மணி விட்டுக்கொடுத்து, கண்டுபிடிக்கக்கூடிய ஒரு எல்லையை வாங்கினார்கள். அந்த நேரம் முடிந்த பிறகு எந்திரத்தில் ஒரு பெண் நின்றாலே குற்றம். இந்த வித்தியாசத்தை அந்த மாணவிக்குச் சொல்லுங்கள்.

இந்தியாவில் அதே ஏணி, தாமதமாக. 1881: 100 பேருக்கு மேல் உள்ள ஆலை, 7 வயதுக்குக் கீழ் கூடாது, 12 வயது வரை 9 மணி. 1891: 50 பேர், 9 வயது, பெண்களுக்கு 11 மணி, வார விடுமுறை. 1911: பஞ்சாலையில் ஆண்களுக்கு 12 மணி. 1922: 20 பேர், வாரம் 60 மணி. 1934: 54. 1946: 48. மதுரா மில் கம்பெனி பதிவானது 1889இல். அதன் முதல் தலைமுறை ஆணுக்கு 1911 வரை நேர வரம்பே இல்லை என்பதை இந்த வரிசையிலிருந்தே பிள்ளைகள் கணக்கிட்டுக்கொள்ளலாம். இங்கே சட்டம் வரவேண்டும் என்று நெருக்கியவர்களில் போட்டிக்கு அஞ்சிய லங்காஷயர் ஆலை முதலாளிகளும் உண்டு. இரக்கமும் வியாபாரமும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தன.

ஆள் எண்ணிக்கை வரம்பைக் கவனியுங்கள். மகால் பக்கத்து நெசவு வீடுகளும் சாயப்பட்டறைகளும் 20 பேருக்குக் கீழே இருந்தவரை எந்தச் சட்டத்துக்கும் அகப்படவில்லை. குழித்தறி வீட்டுக்குள்ளேயே, ஈரத்தில் கால். சமையல் புகையும் அதே அறையில். மில்லை மட்டும் ஆய்வு செய்தால் மதுரையின் பாதித் தொழிலாளர் விட்டுப்போவார்கள்.

அளவுக்கு வருகிறேன். வேலையிடத்துக்கு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் அளவு போதும்: அப்போதே இருந்த ஆலையில் ஆளுக்கு 350 கன அடி, பின்னால் கட்டியதில் 500. உயரத்தில் 14 அடிக்கு மேல் இருப்பதைச் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் தலைக்கு மேல் எட்டாத காற்று ஆளுக்கு உதவாது. 100 அடிக்கு 60 அடி ஷெட், கூரை 18 அடி என்றால் 14ஐ வைத்து 84,000 கன அடி, 500ஆல் வகுத்தால் 168 பேர். கூரை வரை கணக்கிட்டால் 216 என்று வரும். 48 பேரைக் கூடுதலாக அடைக்க ஒரு பெருக்கல் போதும்.

வீட்டுக்கு கிளாஸ்கோ அளவை எடுங்கள். 1862 சட்டப்படி 2,000 கன அடிக்குக் குறைந்த வீட்டுக் கதவில் தகரச் சீட்டு அடிப்பார்கள், இத்தனை பேர்தான் என்று. 8 வயதுக்கு மேல் ஆளுக்கு 300 கன அடி, அதற்குக் கீழ் பாதி. ஒரு லைன் வீட்டு அறை 10க்கு 12, உயரம் 9 என்றால் 1,080 கன அடி. புருஷன், பெண்டாட்டி, மூன்று சிறு பிள்ளைகள்: மூன்றரை ஆள், 1,050. தேறும். ஊரிலிருந்து மாமியார் வந்தால் 1,350. தேறாது.

அந்தத் தகரச் சீட்டு எப்படித் தோற்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நள்ளிரவில் இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டுவார், கூடுதல் ஆட்கள் அலமாரிக்குள்ளும் கூரை மேலும் ஒளிவார்கள். பிடிபட்டால் அபராதம். போக வேறு வீடு கட்டித் தரவில்லை. கூட்டத்தைக் குற்றமாக்கினார்கள், வாடகையை அப்படியே விட்டார்கள்.

மேலப்பொன்னகரம்:

மேலே எல்லாரும் "நடுத்தர வர்க்கம்" என்று ஒரே ஆளைப் போலப் பேசுகிறீர்கள். அந்த வர்க்கத்துக்குள்ளேதான் சண்டையே நடந்தது. 1848 பொதுச் சுகாதாரச் சட்டத்தில் ஊர்ச் சுகாதார வாரியம் கட்டாயம் ஆவது இறப்பு வீதம் ஏழாண்டுச் சராசரியில் ஆயிரத்துக்கு 23ஐத் தாண்டினால்தான். மற்றபடி வரி கட்டுவோரில் பத்தில் ஒருவர் மனுப் போட வேண்டும். வரி கட்டுவோர் யார்? கடைக்காரர், சின்ன வீட்டுச் சொந்தக்காரர். முதுகோடு முதுகு ஒட்டிய, பின்வாசல் ஜன்னல் இல்லாத வரிசை வீடுகளை வாடகைக்கு விட்டவர்களே நகரசபையிலும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சாக்கடை கேட்டார், கடைக்காரர் வரி ஏறும் என்று தடுத்தார். 1873இல் பர்மிங்ஹாம் மேயரான ஜோசப் சேம்பர்லின் வேறு வழி பிடித்தார். எரிவாயு கம்பெனிகளை நகராட்சிக்கே வாங்கி, அதன் லாபத்தை ஊர் வேலைக்குத் திருப்பினார். மதுரை நகராட்சி 1866இல் வந்தது. எந்தத் தெருவுக்கு முதலில் குழாய், எதற்குக் கடைசியில் என்பதைப் பழைய வார்டு எல்லைகளோடு வைத்துப் பார்த்தால் இங்கேயும் அதே இழுபறி தெரியும்.

வீட்டு விஷயத்தில் ஆக்டேவியா ஹில் அம்மையாரைத் தள்ளிவிடாதீர்கள். 1865இல் எழுத்தாளர் ரஸ்கின் பணத்தில் லண்டன் மேரில்போனில் மூன்று வீடு. முதலுக்கு 5 சதவீத வருமானம் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். வாரா வாரம் பெண்களே போய் வாடகை வாங்கினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பழுதுபார்க்க வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்கி, மிச்சமானால் எதற்குச் செலவழிப்பது என்று குடியிருப்பவரையே சொல்லச் சொன்னார்கள். கதவு, ஜன்னலைப் பிள்ளைகள் உடைப்பது நின்றுபோனதில் வியப்பில்லை. ஆனால் வாடகை பாக்கி என்றால் வெளியேற்றம்தான். ஒழுங்காக வாடகை கட்ட முடிந்தவர் மட்டும் தேறினார், அன்றாடக் கூலி கிடைத்தால் உண்டு என்றிருந்தவர் அடுத்த சந்துக்குப் போனார். கொடுப்பவர் கையில் சாவி இருக்கும் சீர்திருத்தத்தின் எல்லை அது.

ஆலைக் குடியிருப்பைப் பார்க்கும்போதும் இதையே கேளுங்கள். ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் கட்டிய சால்டெயரில் நல்ல கல்வீடு, குளியல் வசதி, பள்ளி எல்லாம் உண்டு. சாராயக் கடை கிடையாது, முதலாளி வைத்ததே சட்டம். போர்ன்வில்லில் 1900இல் சாக்லேட் ஆலை முதலாளி ஜார்ஜ் காட்பரி குடியிருப்பைத் தனி அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார், ஆலையில் வேலை செய்யாதவரும் குடியிருக்கலாம். ஹார்விபட்டியில் பெரியவர்களிடம் பிள்ளைகள் கேட்க வேண்டியது: வேலை போனால் வீடு போகுமா? வேலைநிறுத்தக் காலத்தில் வீட்டுக்கு என்ன ஆகும்? வாடகை சம்பளத்தில் பிடித்தமா, கையில் கட்டுவதா? விதவைக்கு எத்தனை நாள் அவகாசம்? சுவரின் அளவைவிட இந்த நாலு பதில்கள் கூடுதலாகச் சொல்லும்.

மதுரையில் யார் என்று கேட்டீர்கள். ஜார்ஜ் ஜோசப் பெயரை எழுதாமல் இந்த ஆய்வை முடிக்க முடியாது. செங்கன்னூரில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் படித்து மதுரையில் தொழில் செய்தவர். 1918இல், அதாவது சென்னையில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் தொழிலாளர் சங்கம் அமைத்த அதே ஆண்டில், இங்கே மில் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினார். கூலி கொஞ்சம் ஏறியது, நேரம் குறைந்தது. பிறகு ஆலை நிர்வாகமும் அரசாங்கமும் சேர்ந்து அந்தச் சங்கத்தை முடக்கின. ஆக்டேவியா ஹில்லுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் விவாதிக்கட்டும். இரண்டு பேரும் படித்தவர்கள், வசதியுள்ளவர்கள். ஒருவர் வீட்டைத் திருத்திக் கொடுத்தார், இன்னொருவர் கேட்கும் உரிமையை அமைப்பாக்கினார்.

இதே ஜோசப்தான் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து வழக்காடினார். பிறமலைக் கள்ளர் கிராமங்களில் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தது அதனால்தான். அந்தச் சட்டத்தில் பெயர் பதிவான ஆண் இரவில் ஆஜர் கொடுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். மில் வேலையையும் இரவு ஆஜரையும் ஒரு குடும்பம் எப்படிச் சமாளித்தது என்று உசிலம்பட்டிப் பக்கத்துத் தாத்தாக்கள் தங்கள் அப்பா சொல்லக் கேட்டிருப்பார்கள். மான்செஸ்டர் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. மதுரைக்கு இது இல்லாமல் தீராது.

மேஸ்திரி பற்றியும் கேளுங்கள். ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் மேஸ்திரி, ஜாபர் கையில் இருந்தவரை, வேலைக்குச் சேர மாமூல், லீவு முடிந்து திரும்பச் சேர மாமூல். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931இல் வந்த விட்லி கமிஷன் அறிக்கை இந்த முறையைக் கடுமையாகக் கண்டித்தது. சட்டப்படி எட்டு மணி, ஒன்பது மணி என்று எழுதியிருந்தாலும் மேஸ்திரியைப் பகைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் பேசுகிறவர் யார்?

குழாய் வேலை:

மேலப்பொன்னகரம் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். சுகாதாரச் சீர்திருத்தம் பேசின எல்லாரும் கழிவு எப்படிப் போகணும்னு எழுதினாங்க, யார் கையால போகுதுன்னு எழுதல. இங்கிலாந்துலயும் ராத்திரியில அள்ளுற கூலி இருந்தாங்க. இங்க அது சாதியாவே இருந்துச்சு. எடுப்புக் கக்கூஸ் (கழிவைக் கையால அள்ளுறது) இருந்த ஒவ்வொரு லைனுக்கும் பின்சந்து எதுக்கு இருக்குன்னு பிள்ளைங்களைக் கேளுங்க. அள்ள வர்றவங்க முன்வாசல்ல வரக்கூடாதுன்னுதான் அந்தச் சந்து. 1993ல தடைச் சட்டம், 2013ல இன்னும் கடுமையான சட்டம். பின்னதுல பாதுகாப்பில்லாம சாக்கடைக்குள்ள ஆளை இறக்குறதும் குற்றம். வாட்டம் சரியில்லாத குழாய் அடைச்சா அதுல இறக்கப்படறது ஒரு மனுஷன்தான், அதனாலதான் வாட்டத்தைப் பத்தி இவ்வளவு எழுதினேன்.

பசுமலை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. படிவம் தயார் செய்கிறேன். மில்லுக்குள்ளேயும் போக வேண்டுமா?

மில் சங்கு:

ஓடுகிற மில் என்றால் பள்ளியின் கடிதத்தோடு மேலாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பிள்ளைகளைப் பஞ்சை உதறிச் சுத்தம் செய்யும் புளோரூம், சிக்கெடுக்கும் கார்டிங் பக்கம் நீண்ட நேரம் நிறுத்தாதீர்கள், பஞ்சுத் தூசி அங்கேதான் அதிகம். அந்தப் பிரிவுகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவரிடம் ஒரு கேள்வி தவறாமல் கேட்கச் சொல்லுங்கள்: விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நெஞ்சு இறுக்கமாக இருக்குமா, வாரக் கடைசியில் குறையுமா? பஞ்சுத் தூசி நுரையீரல் நோயின் அடையாளம் அந்த முதல் நாள் இறுக்கம். "மூச்சு வாங்குமா" என்று பொதுவாகக் கேட்டால் வயசாயிடுச்சு என்று முடித்துவிடுவார்கள். நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் இருந்த அம்மாக்களிடம் மாணவிகள் போகட்டும். கழிப்பறை, பால் கொடுக்கும் நேரம், குழந்தைக் காப்பகம் பற்றி மாணவர்களிடம் பேச மாட்டார்கள். காப்பகம் சட்டப்படி முதலில் 50 பெண்கள் இருந்தால், பிறகு 30 பெண்கள் இருந்தால் என்று மாறியது. தங்கள் மில்லில் அது திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா என்று கேட்டுக் குறிக்கவும்.

வீடுகளுக்குத் தண்ணீர் வரும் நேரத்தில் போகாதீர்கள், குடத்தோடு நிற்பவரிடம் கேள்வி கேட்பது அநியாயம். வாடகை, சம்பளம் கேட்கும் பக்கத்தில் பெயரும் கதவு எண்ணும் இருக்கக் கூடாது, வரிசை எண் மட்டும் போதும். 5 மீட்டர் டேப்பில் பின்சந்தை அளந்தால் ஒவ்வொரு முறை மாற்றிப் பிடிக்கும்போதும் பிழை சேரும், 30 மீட்டர் டேப் ஒன்று வாங்குங்கள். ஓட்டுக் கூரை வீடாக இருந்தால் உயரத்தைச் சுவரோரத்தில் ஒரு முறை, முகட்டுக்குக் கீழே ஒரு முறை எடுத்து, இரண்டின் சராசரியைப் போடச் சொல்லுங்கள்.